சாணிப் பவுடரும் பெயரில்லாத பாட்டிலும் எங்கள் வீடுகளுக்கு வேண்டாம்

எடப்புளி நாட்டு மகளிர் குழுக்களின் நிலைப்பாடு

ஆடிப் பதினெட்டு நெருங்கினால் எங்கள் கொல்லிமலையில் வீடு வாசலெல்லாம் மெழுகிச் சுத்தமாகும். வல்வில் ஓரி விழா, அறப்பளீசுவரர் கோயில் கூட்டம், வீடு நிறைய விருந்தாளிகள். பினாயிலும் ஆசிட்டும் சாணிப் பவுடரும் வாங்கச் சொல்லி வீட்டில் பேச்செடுப்பதும் அந்த நேரத்தில்தான். அதற்கு முன்பே எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுக்களில் உள்ளவர்களின் வீடுகளில் இனிச் சாணிப் பவுடர் நுழையாது. லேபிள் இல்லாத பாட்டிலில் வரும் ஆசிட்டும் பினாயிலும் நுழையாது. அங்கன்வாடியும் பள்ளியும் ஊராட்சி அலுவலகமும் இதையே கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சாணிப் பவுடரில் சாணி கிடையாது. இருப்பது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம்: மஞ்சள் பொட்டலத்தில் ஆரமின்-ஓ, பச்சைப் பொட்டலத்தில் மாலகைட் கிரீன். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் மாடு குறைந்து, வாசல் சிமென்ட் தரையான பிறகும் சாணி தெளித்த நிறம் வேண்டும் என்று பழகிய பொருள் இது. ஒரு சிட்டிகை போட்டால் வாளித் தண்ணீர் முழுக்க நிறம் மாறிவிடும். கையால் கலக்கிப் பாருங்கள், நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் சோப்புப் போட்டாலும் சட்டென்று போகாது. அந்தக் கையால்தான் சோறு பிசைகிறோம், பிள்ளைக்கு ஊட்டுகிறோம். தவழும் குழந்தை அந்த வாசலில் கையை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ஆரமினைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதைத் தயாரிக்கும் வேலை புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உறுதியாகவே சொல்லியிருக்கிறது.

இன்னொரு காரணத்தைச் சொல்ல மனம் கனக்கிறது. கொங்கு மாவட்டங்களின் மருத்துவமனைகளுக்கு இந்தப் பொடியைக் குடித்தவர்கள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டுச் சண்டை, கடன், தேர்வு முடிவு என்று ஏதோ ஒரு வேதனை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொட்டலம். இதற்கென்று முறிமருந்து இல்லை. 2022இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் இதைத் தடை செய்யப்போவதாக அறிவித்தார். அரசு செய்வதை அரசு செய்யட்டும். எங்கள் ஊர்க் கடையில் அது தொங்கக் கூடாது என்பதை நாங்களே பார்த்துக்கொள்ள முடியும். பொடியைக் குடிக்கத் தூண்டும் அந்த வேதனை பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் விஷம் கையில் கிடைக்காமல் இருந்தாலே ஓர் உயிர் மிஞ்சும். மனம் உடைந்திருப்பவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்தது ஆசிட். கழிப்பறை கழுவ விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை போகவில்லை என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. நம் கழிப்பறைகள் சின்னவை. கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிறவருக்கு மூச்சடைக்கக் கொஞ்ச நேரம் போதும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பிளீச்சிங்கோடு சேர்ந்தாலும் இதே வம்புதான். எதையும் எதோடும் கலக்காதீர்கள். தினமும் ஆசிட் ஊற்றினால் கழிப்பறைக் குழியில் மலத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிரிகளும் சாகும். சோப்புத் தூளும் பிரஷ்ஷும் அன்றாடத்துக்குப் போதும்.

கண்டவர்களுக்கெல்லாம் ஆசிட் விற்கக் கூடாது என்று 2013 ஜூலையில், ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவரின் அடையாளத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குத் தரக் கூடாது என்றது. இருந்தும் பழைய தண்ணீர் பாட்டிலிலும் கலர் பாட்டிலிலும் ஆசிட்டும் பினாயிலும் நிரப்பி விற்பது நிற்கவில்லை. தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான், கலர்தான்.

கீழ்நாட்டுக்காரர்களைவிட இது நமக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், செம்மேட்டு அரசு மருத்துவமனையில் முடியாததற்கு நாமக்கல் போக வேண்டும். காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஆசிட்டோ பினாயிலோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் புளித் தண்ணீரும் கொடுக்காதீர்கள். இறங்கும்போது சுட்ட தொண்டை, ஏறும்போது இன்னொரு முறை சுடும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள், அந்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவுங்கள்.

துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையும் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு அதிலுள்ள நாப்தலீன் இரத்த அணுக்களை உடைத்துக் காமாலையைக் கொண்டுவரும். ஐரோப்பிய ஒன்றியம் 2008லேயே அதை விலக்கிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் சாணியால் மெழுகுங்கள், மெழுகிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையில் புண் இருந்தால் தொடாதீர்கள். மாடு இல்லாதவர்கள் வெறும் தண்ணீர் தெளித்து அரிசி மாவில் கோலம் போட்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. பாத்திரத்துக்கு விறகுச் சாம்பலும் புளியும், துணிக்குப் பூந்திக்கொட்டையும் இன்றும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. பிளாஸ்டிக் எரித்த அடுப்புச் சாம்பலை மட்டும் எடுக்காதீர்கள். குடிநீர்த் தொட்டியில் ஊராட்சி அளந்து போடும் பிளீச்சிங் பவுடரை நாங்கள் எதிர்க்கவில்லை. அது கட்டாயம் வேண்டும்.

இந்த நிலைப்பாட்டைத் தீர்மானமாக அடுத்த கிராம சபையில் வைப்போம். கடைக்காரர்கள் புதிதாகச் சரக்கு எடுக்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் பொட்டலங்களையும் பாட்டில்களையும் ஓடையில் கொட்டிவிடாதீர்கள். கீழே உள்ள வீடுகள் அந்தத் தண்ணீரைத்தான் புழங்குகின்றன. பிரிக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து குழுத் தலைவியிடம் கொடுங்கள். மொத்தமாகச் சேர்த்து, இன்னது என்று எழுதி ஒட்டி, ஊராட்சியிடம் ஒப்படைக்கிறோம்.