வெளுக்கப்பட்ட கடல்நுரை

பழைய சுங்கானைப் புதிதாக்கித் தருகிறேன் என்று கிளம்பியிருக்கும் புண்ணியவான்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: தயவு செய்து கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள்!

‘மீர்ஷாம்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கடல்நுரை என்று பொருள். பெயரில்தான் கடல், கல்லோ துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கத்து மண்ணுக்கடியிலிருந்து வருகிறது. நகம் பட்டாலும் கீறல் விழும் வெள்ளைக் கல். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாச் சிற்பிகள் அதில் சிங்கமும் குதிரையும் செதுக்கினார்கள், தேன்மெழுகு ஊட்டினார்கள், ஆம்பரில் வாய்க்குழல் பொருத்தினார்கள்.

சிற்பியின் வேலை அங்கே முடிந்தது. சுங்கானின் வாழ்க்கை தொடங்கியது. புகைக்கப் புகைக்க, நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல் புகையிலைச் சாற்றை உறிஞ்சும். வெண்மை பொன்னாகும், பொன் தேன் நிறமாகும், பிறகு செம்பழுப்பாகும். யாரோ ஒரு மனிதன் எத்தனையோ மாலைப் பொழுதுகளில் தன்னையறியாமல் தீட்டிய வர்ணம் அது.

நம் நிபுணர் என்ன செய்கிறார்? உப்புத்தாளால் தேய்க்கிறார், வெளுப்பு மருந்து போடுகிறார். ‘புத்தம் புதிது!’ என்று மார்தட்டுகிறார். சிங்கத்தின் பிடரி மயிர் மழுங்கிப் போனதே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

“கறை கறைதானே ஐயா?” என்பீர்கள். புகைப்பழக்கத்துக்கு நான் வக்கீல் அல்ல, அது கெடுதல்தான். உள்ளே படிந்த கரியைப் பதமாகச் சுரண்டுங்கள், வெடிப்பை ஒட்டுங்கள். அது வைத்தியம். ஆனால், பாட்டியின் முகச்சுருக்கத்துக்கு இஸ்திரி போட்டுவிட்டு, ‘பாட்டியைப் பிழைக்க வைத்தேன்’ என்று சொல்லும் பேரனை நீங்கள் மெச்சுவீர்களா?

வெள்ளைக் கல்தான் வேண்டுமென்றால் எஸ்கிஷெஹிரில் இன்றும் கிடைக்கிறது. செத்துப்போன மனிதனின் மாலைப் பொழுதுகள் எந்தச் சுரங்கத்தில் கிடைக்கும்?