மிருதங்கத்தைச் செய்தவர் யார் என்று கேளுங்கள்

பிள்ளையை இசை வகுப்பில் சேர்க்க வேண்டும், எங்கே சேர்க்கலாம் என்று ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துத் தோழர்கள் கேட்கிறார்கள். பெற்றோர் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போய்வரும் வீடுகளிலிருந்து இந்தக் கேள்வி வருவது நல்ல சேதி. கிடைக்கும் பதில்தான் பழையது. அனுபவமுள்ள குருவாகப் பாருங்கள், கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள், தேர்வெழுத வைத்துச் சான்றிதழ் தருகிறார்களா என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இது போதாது. அந்த வாத்தியாரிடம் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த மிருதங்கத்தைச் செய்தவர் யார்?

மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம். குரோம் ஏற்றிப் பதனிட்ட தோல் அதற்கு ஆகாது. மயிர் நீக்கி உலர்த்திய பச்சைத் தோல்தான் ஒலிக்கும். கழுத்துத் தோல் எப்படி இருக்கும், வயிற்றுத் தோல் எப்படித் தளர்ந்திருக்கும் என்பதெல்லாம் தோலில் கை வைத்து வேலை செய்யும் அப்பாவுக்குத் தெரியும். வகுப்பு நடத்துகிறவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் நந்தியே வாசித்த தெய்விக வாத்தியம் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பார். நந்தி மாடு, வாத்தியம் மாட்டுத்தோல். இந்தக் கதையைச் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வந்தது. தஞ்சாவூரிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவரும் தலித் கிறித்தவக் குடும்பங்கள் அதில் வருகின்றன. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைக் கொண்டாடாத சபா இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? இந்த நூலின் வெளியீட்டுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம், அதைப் பற்றிய பேச்சுதான் கூடாது.

ஆம்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 2022 மே மாதம் இங்கே அறிவிக்கப்பட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். எதிர்ப்புக் கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. தோலும் ஷூவும் கப்பலேறுவதால் பெயர் பெற்ற ஊரில், கறி மட்டும் அரசு விழாவின் மரியாதைக்குக் குறைச்சலாகிவிட்டது. இதே கணக்கோடுதான் பல இசை வகுப்புகளும் நடக்கின்றன. ‘எந்தத் தெரு?’ ‘வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?’ என்று பேச்சுவாக்கில் வரும் விசாரணைக்கும் சுருதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் கேள்வி வந்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். வராவிட்டாலும் ஒரு நாள் முழு வகுப்பும் கூடவே உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் யாருக்கு எதில் தருகிறார்கள், தப்பாக வாசித்தால் யாரை ‘இதெல்லாம் உனக்கு வராது’ என்கிறார்கள் என்று கவனியுங்கள்.

வாத்தியாரின் சாதியைப் பார்த்து முடிவுசெய்யச் சொல்லவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா மேற்கத்திய இசையைத் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றார். கர்நாடக இசையை டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். இரண்டு பேரும் ‘உனக்கெதற்கு இது’ என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? (இளையராஜாவை நாம் எப்படி அழைப்பது, அவர் அதை ஏற்பாரா என்ற நம்முடைய தீராத சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

நம் பக்கமும் ஒரு கோளாறு இருக்கிறது. சேரிப்பிள்ளை இசை கற்க வேண்டும் என்றதும் உடனே பறை வகுப்புக்குக் கைகாட்டுகிறோம். அவளுக்கு வயலின் பிடித்திருந்தால்? காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் போராட்டம் நடத்தினார். சாவுக்கு அடித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை உடைக்க அது தேவைப்பட்டது. பிறகு பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றியதும் தேவைப்பட்டது. முன்பு ஊர் கட்டாயப்படுத்தியது, இன்று அன்போடு நாம் கட்டாயப்படுத்தக் கூடாது. வயலினோ கீபோர்டோ, அவள் கேட்பதைக் கற்கட்டும்.

பறைதான் வேண்டும் என்று அவளே சொன்னால் தேடல் இன்னும் கடினம். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள் உண்டு. அந்த ஏழில் பறை இல்லை. கலை பண்பாட்டுத் துறை சில ஊர்களில் நடத்தும் வார இறுதிப் பகுதிநேர நாட்டுப்புறக் கலை வகுப்புகளோடு அது நின்றுவிடுகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அவரைப் போன்றவர்களை முழுநேர ஆசிரியர் பணியில் அமர்த்துவது மட்டும் ஏன் கைகூடவில்லை?

நகரங்களில் இப்போது கட்டணப் பறைப் பயிற்சிகள் பெருகிவிட்டன. அங்கேயும் கேளுங்கள்: கற்றுத் தருகிறவர் யாரிடம் கற்றார், அந்த ஆசானுக்கு இந்தக் கட்டணத்தில் பங்கு உண்டா? இரண்டு மாதம் பழகியவர் பயிற்சியாளராகிவிடுகிறார். ஆயுள் முழுக்க அடித்தவர் தொடக்க விழாவில் சால்வை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

அதைவிட, உங்கள் ஊரிலேயே சாவு வீட்டில் அடிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். தோலைத் தீயில் எவ்வளவு காய்ச்சினால் எந்த ஒலி வரும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளையோடு போய், கற்றுத் தருவீர்களா ஐயா என்று கேளுங்கள். ‘இதைப் போய் எதுக்கும்மா படிக்கணும், உத்தியோகத்துக்குப் படிக்கச் சொல்லு’ என்று அவர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் அவர் வாங்கிய ஏச்சுகள் இருக்கின்றன. ஒத்துக்கொண்டால், நகரத்து வகுப்புக்குக் கொடுக்கவிருந்த அதே மாதக் கட்டணத்தை, பேரம் பேசாமல், மாதம் பிறந்ததும் அவர் கையில் கொடுங்கள்.