கேட்டுக்கு வெளியே யார் பொறுப்பு?

ஷூவுக்கு பாலிஷ் போடவில்லை என்றால் டைரியில் எழுதி அனுப்புவார்கள். நகம் வெட்டவில்லை என்றால் அசெம்பிளியில் தனியாக நிற்க வைப்பார்கள். ரிப்பன் கலர் மாறினால் வீட்டுக்கு போன் வரும். ஆனால் அதே பிள்ளை, பத்து பேரோடு ஒரே ஆட்டோவில், டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தெரிய வந்து இறங்கினால்? யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஏனென்றால் அது கேட்டுக்கு வெளியே நடந்த விஷயம்!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு... சென்னையில் சீட் கிடைக்க பெற்றோர் தவம் கிடக்கும் பள்ளிகளில் பல இந்தப் பகுதிகளில்தான் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு லஸ் கார்னரிலோ, வெங்கட்நாராயணா ரோட்டிலோ, எல்.பி. ரோட்டிலோ பத்து நிமிடம் நின்றால் போதும். பின் சீட்டில் நாலு பேர், அவர்களுக்கு எதிரே கட்டிய பலகையில் நாலு பேர், டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். புத்தகப் பைகளும் லஞ்ச் பைகளும் வெளியே கொக்கியில் ஆடிக்கொண்டே வரும். ஆட்டோ பெர்மிட்டில் இருப்பது டிரைவர் தவிர மூன்று பேர். சின்னப் பிள்ளைகள்தானே என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டாலும் ஐந்துதான். மீதி ஐந்து பேர் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

எந்தக் கணக்கிலும் இல்லை. அதுதான் பிரச்சனை.

விழுந்த ஓட்டையை மட்டும் அடைக்கும் சட்டங்கள்

பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி நம் ஊரில் விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. நிறையவே இருக்கின்றன. ஆனால் அவை எப்படி வந்தன என்று பாருங்கள்.

2004 ஜூலை 16, கும்பகோணம். கூரை வேய்ந்த பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுக்க பள்ளிகளில் இருந்த கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

2012 ஜூலை 25, தாம்பரம் அருகே முடிச்சூர். சேலையூரில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் பேருந்தில் சீட்டுக்கு அடியில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பேருந்தின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த வண்டிக்கு சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள்! சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த செப்டம்பரிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் பெயின்ட், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு உதவியாளர் என்று நீளமான பட்டியல். வழக்கு என்ன ஆனது? பத்து வருடம் கழித்து, 2022ல், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் செங்கல்பட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது.

அதே 2012 டிசம்பரில் பெருங்குடி அருகே ராஜீவ் காந்தி சாலையில் மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த நான்கு மாணவர்கள் லாரி மோதி இறந்தார்கள். உடனே பேருந்துக் கதவுகள் பற்றிய பேச்சு.

2021 டிசம்பர் 17, திருநெல்வேலி. பள்ளிக் கழிப்பறையின் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க பழைய பள்ளிக் கட்டிடங்களைத் தேடித்தேடி இடித்தார்கள்.

2022 மார்ச் 28, வளசரவாக்கம். பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேனில் இருந்து இறங்கிய இரண்டாம் வகுப்பு மாணவன் அதே வேன் ஏறி இறந்தான். அதன் பிறகு பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், சென்சாரும் கட்டாயம்.

2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம். ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே கேட்களில் கேமரா வைக்க உத்தரவு.

கூரையில் தீப்பிடித்தால் கூரையை எடுப்பார்கள். தரையில் ஓட்டை என்றால் தரையைப் பார்ப்பார்கள். சுவர் விழுந்தால் சுவர். ரிவர்ஸில் மோதினால் கேமரா. கடைசியாக ஒரு குழந்தை விழுந்த ஓட்டை எதுவோ, அதை மட்டும் அடைக்கிறார்கள். அடுத்த ஓட்டை எது என்று தினமும் காலையில் லஸ் கார்னரில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஆனால் அதில் இன்னும் ஊரை உலுக்குகிற மாதிரி ஒன்று நடக்கவில்லை. அதனால் காத்திருக்கிறோம். எதற்கு என்றுதான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பேலன்ஸ் ஷீட்டில் வராத பொறுப்பு

2012 விதிகள் வந்ததில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பேருந்து வைத்திருக்கும் பள்ளிக்கு இப்போது பொறுப்பு அதிகம். வருடா வருடம் ஆய்வு, உதவியாளர் சம்பளம், கேமரா, இன்சூரன்ஸ், ஏதாவது நடந்தால் தாளாளர் மீதே வழக்கு. பேருந்தே வைக்காத பள்ளிக்கு? ஒரு தொல்லையும் இல்லை! "போக்குவரத்து பெற்றோரின் சொந்தப் பொறுப்பு" என்று அட்மிஷன் ஃபாரத்தில் ஒரு வரி. வேலை முடிந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒரு கடனை நம் புத்தகத்தில் காட்டாமல் வேறு யார் தலையிலோ ஏற்றிவிட்டால் பேலன்ஸ் ஷீட் அழகாக இருக்கும். கடன் மட்டும் எங்கும் போகாது. இங்கே பள்ளி அதைப் பெற்றோர் தலையில் ஏற்றுகிறது. பெற்றோர் ஆட்டோக்காரர் தலையில் ஏற்றுகிறார்கள். ஆட்டோக்காரர் அதைப் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார். அந்தப் பிள்ளை யார் தலையில் ஏற்றும்?

ஆட்டோக்காரரை வில்லன் ஆக்குவது சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சென்னையில் அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பத்து வருடம் தாண்டியும் அதைத் திருத்தவில்லை. வீட்டில் இருந்து பள்ளி 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரிப்புக்கு 39 ரூபாய் 40 காசு. காலை மாலை இரண்டு டிரிப், மாதம் 22 நாள் என்றால் சுமார் 1,734 ரூபாய். இன்றைய விலைவாசிக்கு அது யாருக்கும் கட்டாது. அப்படியே இரட்டிப்பாக்கி 3,468 என்று போடுவோம்.

பத்து பிள்ளைகள் என்றால் தலைக்கு சுமார் 347 ரூபாய்.
ஐந்து பிள்ளைகள் என்றால் சுமார் 694 ரூபாய்.
மூன்றே பிள்ளைகள் என்றால் 1,156 ரூபாய்.

இது உதாரணக் கணக்குதான். தூரமும் ரேட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் விகிதம் மாறாது. பத்தை ஐந்தாக்க ஒரு குடும்பம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது மாதம் 347 ரூபாய், பள்ளி நாள் ஒன்றுக்கு 16 ரூபாய். மயிலாப்பூரில் ஒரு நல்ல ஃபில்டர் காபிகூட அந்த விலைக்கு வராது!

நுழைவுக் கட்டணம், டேர்ம் ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ், டியூஷன், அபாகஸ், கீபோர்டு கிளாஸ் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள், ஆட்டோ என்று வரும்போது மட்டும் "போன வருஷம் இவ்வளவு இல்லையே" என்று பேரம் பேசுகிறார்கள். பேரத்தில் ஐம்பது ரூபாய் குறைந்தால் ஆட்டோக்காரர் பலகையில் இன்னொரு பிள்ளையை ஏற்றிச் சரிக்கட்டுவார். அந்த ஐம்பது ரூபாய் லாபம் இல்லை, கடன்.

"எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

இதைப் படிக்கும் பலரும் அப்படிப்பட்ட ஆட்டோவில்தான் பள்ளிக்குப் போயிருப்பார்கள். ஆட்டோ அண்ணா நல்லவர், பிள்ளைகளைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார், பரீட்சை நாளில் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்து எழுப்புவார். எல்லாம் உண்மை. ஆனால் நல்ல மனது பிரேக் ஆகாது. திடீரென்று ஒரு மாநகரப் பேருந்து குறுக்கே வந்தால், கம்பியைப் பிடிக்கக்கூட இடம் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அண்ணாவின் பாசம் தாங்கிப் பிடிக்காது. ஒன்றும் ஆகாமல் தப்பித்தவர்கள்தான் "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்ல முடியும். முடிச்சூர் பேருந்திலும் அதற்கு முந்தின நாள் வரை ஒன்றும் ஆகவில்லை.

"சட்டம் போட்டால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கும் ஒரு தகவல். சட்டம் ஏற்கனவே இருக்கிறது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஏ பிரிவின்படி, அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம். அதோடு முடியவில்லை. கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும் வரை அந்த வாகனம் நகரவே கூடாது. இந்த இரண்டாவது பாதி காலை எட்டரை மணிக்கு எந்த சிக்னலிலாவது நடந்திருந்தால், ஒரே வாரத்தில் பெற்றோர், பள்ளி, போலீஸ் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ரசீது கிழிப்பது சுலபம் என்பதால் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

நடந்து போகலாமே?

போகலாம். ஆனால் எதில்? நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு அடுத்து பைக், அதற்கு அடுத்து டிஃபன் கடை. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியபோது லஸ், மந்தைவெளி, பனகல் பார்க் பக்கமெல்லாம் தடுப்புகள் வந்து, இருந்த ரோடும் பாதியானது. தி.நகரில் 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அழகான அகல நடைபாதை திறந்தார்கள். நல்ல விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புடவை வாங்க வருபவர்களுக்கு அகலமாக நடக்க இடம் கொடுக்கத் தெரிந்த மாநகராட்சிக்கு, அதே தி.நகரில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்குக் கொடுக்கத் தெரியவில்லையா? கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒரு கிலோமீட்டரை ஒரு ஆறு வயதுப் பிள்ளை உயிரோடு நடக்க முடியுமா என்று யாரும் நடந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

"இதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும்" என்பது அடுத்த பதில். வெளிநாடும் சும்மா மாறிவிடவில்லை. நெதர்லாந்தில் 1971ல் மட்டும் சாலை விபத்துகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "குழந்தைக் கொலையை நிறுத்து". இன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போவதை நாம் யூடியூபில் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். பாரிஸ் நகரம் 200க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்களை வண்டிகள் இல்லாத தெருக்களாக மாற்றியது. ஜப்பானில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, பெரிய வகுப்பு அண்ணனோ அக்காவோ முன்னே போக, நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். இதற்கு என்ன பெரிய முதலீடு வேண்டும்?

செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகள் எந்த வண்டியில், யாரோடு, எத்தனை பேராக வருகிறார்கள் என்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும். ஷூ பாலிஷைப் பார்க்க ஆள் இருக்கிறதென்றால் இதை எண்ணவும் ஆள் இருக்கும்.

2. ஐந்து பேருக்கு மேல் ஏற்றி வரும் வண்டி பற்றி பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

3. தனியாகப் பேருந்து வைக்க முடியாத பள்ளிகள், ஒரே ரோட்டில் இருக்கும் இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து சின்ன வேன்களை ஓட்டலாம். செலவு பகிர்ந்துவிடும். பொறுப்புக்கும் ஒரு பெயர் கிடைக்கும்.

4. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மணி அடிக்க வேண்டியதில்லை. இருபது நிமிடம் தள்ளி வைத்தால் பாதி நெரிசல் குறையும்.

5. காலையும் மாலையும் அரை மணி நேரம் பள்ளித் தெருவில் கார் வேண்டாம். (பிள்ளையை வகுப்பு வாசலிலேயே இறக்கிவிட ஆசைப்படும் கார்களுக்கும் சேர்த்துத்தான்!)

6. ஆட்டோ சங்கங்களோடு பேசி, பள்ளி டிரிப்புக்கு என்று ஐந்து பேருக்குக் கட்டுப்படியாகும் ஒரு கட்டணத்தை அரசு அறிவிக்க வேண்டும்.

ஆறில் ஒன்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை, யாரும் சாகவும் தேவையில்லை. கேட்டுக்கு வெளியே உள்ள நூறு மீட்டரும் பள்ளிதான் என்று நிர்வாகங்கள் ஒத்துக்கொண்டால் முதல் நான்கும் இந்த டேர்மிலேயே நடக்கும். ரிசல்ட் வரும் நாளில் ரேங்க் எடுத்த பிள்ளையின் போட்டோவை ஃபிளெக்ஸ் அடித்து அதே கேட்டுக்கு வெளியேதான் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளை தினமும் எப்படி அந்த கேட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதையும் ஒரு நாள் கேட்பார்களா?