இரத்தம் யாருக்காக வாதாடுகிறது?

உத்தரப் பிரதேசத்தின் வருவாய்ச் சட்டம் 2006 இல் இயற்றப்பட்டு 2016 இல் நடைமுறைக்கு வந்தது. விவசாய நிலம் வைத்திருந்த ஆண் இறந்தால் அது யாரைச் சேரும் என்பதை அதன் 108 ஆவது பிரிவு சொல்கிறது. இறந்தவரின் மனைவி, மணமாகாத மகள், ஆண்வழிச் சந்ததியினர் ஆகியோர் முதல் வரிசையில் நின்றனர். மணமான மகளோ இறந்தவரின் பெற்றோருக்கும் பின்னால் தள்ளப்பட்டாள். பாஜக அரசு 2020 இல் இச்சட்டத்தைத் திருத்தி மூன்றாம் பாலினத்தவருக்கு வாரிசுரிமை வழங்கியது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே பிரிவைக் கையில் எடுத்த அரசின் கண்ணுக்கு மணமான மகள் அப்போதும் தென்படவில்லை. பொது சிவில் சட்டத்தின் பெயரால் முஸ்லிம் பெண்களுக்காகக் கண்ணீர் வடிப்போர் ஆளும் மாநிலத்தின் நிலை இது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் பழையது. மகள் வேறு குலத்துக்குப் போய்விடுகிறாள். நிலம் இரத்த வழியிலேயே தங்க வேண்டும் என்பார்கள். ஆண் விதை, பெண் நிலம். விளைச்சல் விதைக்கு உரியவனுக்கே என்ற சாத்திர உவமையின் நீட்சிதான் இது. உவமையின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. மெண்டல் தம் பட்டாணிச் செடி ஆய்வை 1866 இல் வெளியிட்டார். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 குரோமோசோம்களை மகனைப் போலவே மகளும் பெறுகிறாள் என்பது இன்று பள்ளிப் பாடம். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களோ தாய்வழியாக மட்டுமே வருகின்றன. குலம் காப்பதாகக் கொண்டாடப்படும் ஒய் குரோமோசோம், மனிதக் குரோமோசோம்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று.

அறியாமையே இந்த அநீதிக்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மிதாட்சரத்தை எழுதிய விஞ்ஞானேசுவரர், ஒரே உடலின் கூறுகளைப் பகிர்ந்துகொள்வோரே சபிண்டர் என்று விளக்கியவர். தாயின் உடற்கூறும் பிள்ளையிடம் உண்டு என்பதை அவர் ஏற்றார். ஆயினும் பிறப்பினாலேயே குடும்பச் சொத்தில் பங்கு பெறும் உரிமையை அந்த மரபு ஆண்மக்களுக்கு மட்டுமே ஒதுக்கியது. முதலில் உடைமை தீர்மானிக்கப்பட்டது. இரத்தம் பிறகு சாட்சிக்கு அழைக்கப்பட்டது. (வழக்காறு, உயிரியல் இரண்டுக்கும் தமிழில் 'மரபு' என்ற ஒரே சொல் இருப்பது இந்தக் குழப்பத்துக்கு வசதியாகிவிட்டது.)

சாட்சியம் எவ்வளவு நம்பகமானது என்பதை 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே காட்டும். ஓர் ஆண் இறந்து, முதல் இரு வகுப்பு வாரிசுகளில் எவரும் இல்லையென்றால், முழுக்க ஆண்வழியில் வந்த பங்காளிக்கே சொத்து போகும். பங்காளி ஒருவர்கூட இல்லாதபோதுதான் தாய்மாமன் மகனுக்கு வாய்ப்பு. தாய்மாமன் மகனோடு ஒருவர் பகிர்ந்துகொள்ளும் மரபணுக்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு. ஆறு தலைமுறைகளுக்கு முன் கிளை பிரிந்த பங்காளியோடு, ஒய் குரோமோசோமை நீக்கிப் பார்த்தால், ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனினும் வெல்பவர் பங்காளியே.

பெண் இறந்தால் இரத்தவாதம் தலைகீழாகிறது. 2009 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. 1955 இல் மணமான பெண், மூன்று மாதங்களுக்குள் கணவரை இழந்தார். புகுந்த வீட்டார் அவரை விரட்டினர். பெற்றோர் ஆதரித்துப் படிக்க வைத்தனர். வேலைக்குச் சென்று தம் உழைப்பில் சேர்த்த பணத்தை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் 1996 இல் இறந்தார். பெற்ற தாய் உரிமை கோரினார். 15 ஆவது பிரிவின்படி சொத்து போனதோ கணவருடைய சகோதரியின் மகன்களுக்கு! நாற்பது ஆண்டுகள் அவரைத் திரும்பிப் பாராத குடும்பம் அது. இரத்த உறவு துளியும் இல்லை. நீதிபதிகள் அநீதியை உணராமல் இல்லை. சட்டத்தின் சொல் தெளிவாக இருக்கிறது, அனுதாபம் அதை மாற்றாது என்றனர். இந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

மரபியல் துணை நிற்பதால்தான் மகளுக்குப் பங்கு என்று இடதுசாரிகள் வாதிட வேண்டியதில்லை. அப்படியானால் தத்துப்பிள்ளை என்ன ஆவது? பரம்பரையைக் காட்டி வர்க்க, இன ஆதிக்கத்துக்கு நியாயம் தேடியவர்களை, மரபியலாளரும் பொதுவுடைமையாளருமான ஹால்டேன் 1938 இலேயே அம்பலப்படுத்தினார். 1957 இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964 இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். லைசென்கோவின் பெயரால் சோவியத் நாட்டில் மரபியல் ஒடுக்கப்பட்டதும், வவிலோவ் 1943 இல் சிறையில் மடிந்ததும் இதே வரலாற்றின் பகுதிகள்தாம். அவற்றை மறைத்துவிட்டு அறிவியலின் துணையை நாட முடியாது.

பிறப்பால் வரும் உரிமை மகளின் பங்கோடு நிற்கும் பிரச்சனையும் அன்று. பெருஞ்சொத்துகளின் மீது 1953 இல் விதிக்கப்பட்ட மரணவரி, உச்ச அளவில் 85 சதவீதம் வரை இருந்தது. 1985 இல் ராஜீவ் காந்தி அரசு அதை ஒழித்தது. 2024 தேர்தலில் வாரிசு வரி என்ற சொல் அடிபட்ட மாத்திரத்தில், ஏழைப் பெண்ணின் தாலியைப் பறிக்கப் போகிறார்கள் என்று பிரதமரே மேடையேறி முழங்கினார். காங்கிரசோ அது தன் கொள்கை அல்ல என்று பதறி விலகியது. கோடீசுவரனின் மகன் உழைக்காமல் பெறும் சொத்தைக் காக்க, சொத்தே இல்லாத பெண்ணின் கழுத்து கேடயமாக்கப்பட்டது.

மகளைப் பிறப்பிலேயே கூட்டுப் பங்குதாரராக்கிய திருத்தம், இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்த அரசின் காலத்தில், 2005 செப்டம்பர் 9 இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்குப் பிறகும் அண்ணன் தம்பிகளுக்குச் சகோதரிகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை. சீர்வரிசையில் எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்ற கணக்கும், பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சமும் கையெழுத்தை வாங்கிவிடுகின்றன. அந்தப் பத்திரங்களில் பயனடைந்தோர் பட்டியலில் கட்சி உறுப்பினர்களின் பெயர்களும் இருக்கின்றனவா என்ற கேள்வியைக் கிளைக் கூட்டங்கள் தம் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும்.