காத்திருப்பவள் என்று யார் சொன்னது?

கடற்கரைக் கதை ஒன்று படமாக வெளிவந்தால் போதும், ஒரே கருத்து மேடைகளிலும் விமர்சனங்களிலும் வந்து விழுகிறது. நெய்தல் நிலத்து நாயகிக்கு ஈராயிரம் ஆண்டுகளாகக் கலை கொடுத்த வேலை காத்திருப்பதுதானாம். கடலுக்குப் போனவன் திரும்பும்வரை அவள் கரையில் நின்று கண்ணீர் விடுவாளாம். அவளுடைய ஒழுக்கம்தான் அவனைக் கரைசேர்க்குமாம். அவளுக்கென்று ஒரு வாயும் விருப்பமும் கிடைத்ததெல்லாம் அண்மைக்காலச் சினிமாவின் கொடையாம். பட்டிமன்றப் பேச்சாளர்கள் இதை இரக்கத்தோடு சொல்கிறார்கள். கருத்தரங்குகளில் பெண்ணுக்குப் பரிந்து பேசும் பார்வை என்றே வாசிக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொற்கை முதல் மணப்பாடு வரையிலான இந்த முத்துக்கரையை வைத்துப் பார்த்தால் அந்தக் கருத்தின் ஒவ்வொரு பகுதியும் உடைகிறது. இந்தப் பெண்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதில் பாதியை அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது என்பதுதான் என் கோபம்.

சங்கப் பாடல்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு, நெய்தல் பாடல் என்றாலே மீனவன் மனைவியின் புலம்பல் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பாடல்களைத் திறந்தால் காட்சியே வேறு. பெரும்பாலான பாடல்களில் கடலுக்குப் போவது நாயகியின் தந்தையும் தமையன்மாரும். அவள் எதிர்பார்ப்பவனோ உப்பங்கழியைச் சுற்றிக்கொண்டு தேரில் வந்து, ஊருக்குத் தெரியாமல் பார்த்துவிட்டுப் போகிற செல்வன். அவளுடைய துயரத்துக்குக் கடல் காரணமில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மணத்தைத் தள்ளிப்போடும் அவன்தான் காரணம். அதனால்தான் தோழி அவனை மறித்துக் கேட்கிறாள், இடித்துரைக்கிறாள், எப்போது பெண் கேட்டு வரப்போகிறாய் என்று நெருக்குகிறாள்.

நற்றிணையின் 45ஆம் பாடலை நான் இந்தக் கரையின் தன்மானச் சாசனம் என்றே கருதுகிறேன். எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தோழி அந்தத் தேர்க்காரனிடம் பேசுகிறாள்: இவள் மீன்பிடிக்கிற பரதவர் மகள், நீ கொடி பறக்கும் ஊரில் வாழும் செல்வர் மகன், சுறாவை அறுத்துக் காயப்போட்டிருக்கிறோம், பறவைகளை ஓட்டுகிறோம், எங்கள் மேல் புலால் வீசும், தள்ளி நில், கடல் தரும் எங்கள் சிறு வாழ்வு உன் வாழ்வுக்கு ஒப்பாகாது, ஆனாலும் எங்களிடையேயும் சிறந்தவர்கள் உண்டு. காத்திருப்பவள் பேசும் பேச்சா இது? கருவாட்டைக் காவல் காக்கிற வேலையை அவள் மறைக்கவும் இல்லை, அதற்காகக் கூசவும் இல்லை.

சங்கப் புலவர் அம்மூவனார் பாடிய, உப்பு விற்கும் உமணர் மகளும் அப்படித்தான். அகநானூறு 140இல் அவள் தெருவில் உப்பு விலை கூவிக்கொண்டு போகிறாள். பழகாத குரலைக் கேட்டு நாய் குரைக்கிறது. 390இல் இன்னொருத்தியிடம் ஒருவன் குறும்பாகப் பேச்சுக் கொடுத்து வழியை மறிக்கிறான். எங்களை மறிக்க நீர் யார் என்று அவள் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்கிறாள். வியாபாரத்துக்குப் போகிற பெண்ணுக்குத் தெருவில் நேர்வதையும் அவள் அதைச் சமாளிப்பதையும் இவ்வளவு துல்லியமாக எழுதியவரைப் படித்துவிட்டு, சங்கத்து நெய்தல் நாயகி அழுதுகொண்டே இருந்தாள் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

கண்ணகி புகாரில் காத்திருந்தவள்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிலப்பதிகாரம் அவளை அங்கேயே விட்டுவிடவில்லை. பாண்டியன் அவையில் வழக்கைத் திருப்புவது அவள் சிலம்பின் மாணிக்கப் பரல். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. பாண்டியருக்கு முத்து என்றால் அது கொற்கைக் கடலின் விளைச்சல். அவர்களுடைய செல்வத்தின் அடையாளமே அதுதான். அந்தச் செல்வத்தின் முன் தனியாக நின்று, சான்றை உடைத்துக் காட்டி வென்றவளை நாயகியாக்கிய காவியம் அது. அதன் பிறகு கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன் அவள் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகவும் நூல் சொல்கிறது. படிக்கவே நடுங்கும் செய்தி. ஓர் அரசு ஒரு பெண்ணின் கோபத்துக்கு அவ்வளவு அஞ்சியதாகக் கதை சொல்லத் துணிந்த மரபை, அழுகையின் மரபு என்று சுருக்கக் கூடாது.

முத்துக்குக் கிடைத்த அரசிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெகஸ்தனீசைப் பின்பற்றி அரியன் எழுதிய கிரேக்க நூலில் ஹெராக்ளிஸின் மகள் பண்டையா தென்னாட்டை ஆள்கிறாள். 500 யானைகள், 4,000 குதிரைகள், 1,30,000 காலாட்கள் அவளுக்கு. தந்தை கடலில் முத்தைக் கண்டெடுத்ததே அவளை அலங்கரிக்கத்தான் என்கிறது கதை. எதிர்க்கரையில், மன்னாருக்குத் தெற்கே முத்துக்குளிப்புக்குப் பேர்போன அரிப்பில், பழைய கோட்டையை மக்கள் அல்லிராணி கோட்டை என்றே சொல்கிறார்கள். ஆண்களே வேண்டாம் என்று மதுரையை ஆண்ட அதே அல்லி. இவை கட்டுக்கதைகள், வரலாறு என்று சொல்லவில்லை. இவற்றில் இருக்கும் வன்முறையையும் மறைக்கவில்லை. அல்லியரசாணி மாலையில் அர்ச்சுனன் பாம்பாய் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான். முடி சூட்டிய கதையே அவளை வஞ்சகத்தால் வீழ்த்துகிறது. ஆனாலும் பெரிய எழுத்துப் புத்தகத்தில் அந்தக் கதையை வாங்கிப் படித்த சனங்களுக்கு, நாயகி என்றதும் முதலில் மனதில் வந்தது சிம்மாசனத்தில் இருந்த பெண்.

நாயகிக்கு வாய் கொடுத்தது சினிமாதான் என்கிற வாதத்துக்கு, தூத்துக்குடிக்காரர் ஒருவரே பதில். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழ் மேடைக்கு அவர் எழுதித் தந்த நாடகங்களில் வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா எல்லாம் நாயகியைச் சுற்றியே நடப்பவை. வள்ளி திருமண நாடகத்தைத் தென்மாவட்டக் கோயில் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டம் நிமிர்ந்து உட்காருவது வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கும்போதுதான். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. வள்ளி வேடம் கட்டுகிற நடிகைக்குப் புராணமும் தெரிய வேண்டும், நாக்கும் புரள வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க்காரர்களே விட மாட்டார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிற ஒரு வேட்டுவப் பெண் தேவலோகத்து முனிவரை வாதத்தில் மடக்குவதைப் படிக்காத சனங்கள் கைதட்டி ரசித்தது சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே.

இனி, ஒழுக்கம் தவறினால் கடல் பழிவாங்கும் என்கிற வாதம். இது இந்தக் கரையில் விளைந்ததில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவல் ‘செம்மீன்’ 1956இல் வந்தது. ராமு காரியட்டின் படம் 1965இல். கறுத்தம்மாவின் மனம் பரீக்குட்டியிடம் இருந்ததால் பழனியைக் கடல் கொண்டது என்று முடியும் அந்தக் கதை, படைப்பாகப் பெரியது. சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதன் அழகில் மயங்கி, அங்கே சொல்லப்பட்ட நம்பிக்கையைத் தென்கடலோரம் முழுமைக்கும் விரித்துவிட்டோம்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. களம் மணப்பாடு. குரூஸ் மிக்கேலின் மனைவி மரியம்மைக்கு வாத்தியிடம் ஓர் ஒட்டுதல் இருக்கிறது. ஊருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். கடல் குரூஸைக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு நாளும் கரைக்குத் திரும்பி வருகிறார். அவரை வீழ்த்துவது வேறு: விசைப்படகு வந்து வல்லத்துக்குப் போட்டியாக நிற்கிறது, வல்லத்தை விற்றுவிட்டு வா என்று மகன் வற்புறுத்துகிறான், விற்றபின் அவர் நிலைகுலைகிறார். அழிவுக்குப் பெண்ணின் மனதைக் காரணமாக்காமல் தொழில் மாறியதைக் காரணமாக்கியது எவ்வளவு பெரிய நேர்மை! மகள் பிலோமி சாமிதாசைக் காதலித்து, அவனோடு நெருங்கியும் பழகியவள். அவன் வேறொருத்தியை மணக்கிறான். அவள் சாகவில்லை, சபிக்கவில்லை, ஒடுங்கிப்போகவும் இல்லை. அவனிடம் பகை இல்லாமல் விடைபெறுகிறாள். அம்மா இறந்த பின் அதே வாத்தியோடு, யாரும் பெயர் வைக்க முடியாத ஒரு சிநேகத்தை வளர்த்துக்கொள்கிறாள். கறுத்தம்மா கரையில் பிணமாகக் கிடக்கிறாள், பிலோமி வாழ்கிறாள். இரண்டு நாவல்களுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால், கடற்கரை நாயகிக்கு ஒரே விதி என்ற பேச்சு எழவே வாய்ப்பில்லை.

எழுபதுகளின் முடிவில் ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் கதை. நாயகி பொன்னாச்சி தம்பியோடு அளத்துக்கு வேலைக்கு வருகிறாள். வாருபலகை, பாத்தி, தட்டுமேடு, கால் வெடிப்பில் ஏறும் உப்பு, பெண் கூலியை மிரட்டிப் பணியவைக்கப் பார்க்கும் மேலாள் என்று அவளைச் சுற்றி இருப்பதெல்லாம் உழைப்பின் உலகம். காதலும் உண்டு, ஆனால் கதையின் எடை கூலியில் இருக்கிறது. கதாநாயகி என்ற சொல்லை வியர்வையோடு சேர்த்து எழுதிய இந்த நாவலை, கடற்கரைப் பெண்ணைப் பற்றிய கட்டுரைகளில் எத்தனை பேர் தொடுகிறார்கள்? கடல் என்றால் மீன், முத்து என்று மட்டும் நினைத்து, உப்பை மறந்துவிடுகிறோம். இந்த மாவட்டத்தின் உப்பளங்களில் பெண்களின் தலைச்சுமை இன்றும் ஓயவில்லை.

கடல் ஆணுடையது, கரை பெண்ணுடையது என்கிற பிரிவினையும் அவ்வளவு சுத்தமானதில்லை. முத்துக்குளித்தவர்கள் ஆண்கள்தான். மூழ்குகிறவனின் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்பது இங்கே பெரியவர்கள் சொல்லும் வழக்கம். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றைத் தளரவிட மாட்டான் என்ற கணக்கு அது. அதே மன்னார் வளைகுடாவில் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் தாங்களே கடலில் இறங்கி, மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற உலக அமைப்பு விருது தந்தது. மூழ்குகிற தமிழ்ப் பெண் கற்பனையில்லை. நம் கலை அவளைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

காத்திருத்தலே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு குமரிக் கரையில் பெண்கள் காத்திருந்தார்கள், பலருக்கு யாரும் வரவில்லை. ஆனால் காத்திருந்த அந்த ஊர்கள்தான் டிசம்பரில் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுதலைத் தீவிரப்படுத்து என்று அரசை நெருக்கின. கண்ணீரையும் மறியலையும் பிரித்து, கண்ணீரை மட்டும் படம்பிடித்துக்கொண்டு போவதைத்தான் எதிர்க்கிறேன்.

மிச்சம் இருப்பது சினிமா கொண்டுவந்த விடுதலை. சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்பார்கள்; படமும் நல்ல படம்தான். இளம் எஸ்தராகச் சுனைனா, முதிய எஸ்தராக நந்திதா தாஸ். கடலுக்குப் போன கணவன் வருவான் என்று கால் நூற்றாண்டாக வீட்டை விற்க மறுக்கிறாள் எஸ்தர். பிறகுதான் தெரிகிறது, அவன் அந்த வீட்டிலேயே புதைக்கப்பட்டிருக்கிறான். காத்திருப்பது போல ஊருக்குக் காட்டிக்கொண்டு அவள் காவல் இருந்திருக்கிறாள். பழைய படிமத்தை உள்ளிருந்தே உடைத்த கதை இது, இதற்காக அந்த இயக்குநரை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வந்ததைப் பாருங்கள். 2003இல் வந்த ‘இயற்கை’யில் நான்சி, ஒருமுறை வந்துபோன கப்பல் கேப்டனுக்காகத் துறைமுகத்தில் காத்தே கிடக்கிறாள். மணி ரத்னத்தின் ‘கடல்’ 2013இல் வந்தது. ‘நீர்ப்பறவை’ படமான அதே மணப்பாட்டில் படப்பிடிப்பு. அதில் நாயகி பியா குழந்தை மனம் மாறாத பெண். நாயகனின் பாவத்தைக் கழுவ வந்த வெள்ளை மனசு மட்டும்தான் அவளுக்குத் தரப்பட்டிருக்கிறது. ஊர்ப் பெண்கள் ஏலத்தில் குரல் உயர்த்தி மீன் எடுப்பதும், கருவாடு காயப்போடுவதும், சீட்டுப் பிடிப்பதும் நடக்கிற கரையில் எடுத்த படத்தில் நாயகிக்கு அந்தத் தொழில்களும் இல்லை, தர்க்கமும் இல்லை. வண்ணநிலவன் பிலோமியை மணப்பாட்டில் கண்டெடுத்து அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கலையில் பெண் படிப்படியாக மேலேறி வந்தாள் என்பது உண்மையானால், பியா முன்னேயும் பிலோமி பின்னேயும் அல்லவா வந்திருக்க வேண்டும்?