சுப்ரீம் கோர்ட் 'தள்ளுபடி' செய்துவிட்டால் வேலை கிடைத்துவிடுமா?

"வேலைநீக்கம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு!" - ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்து விழுந்தால், உடனே ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். பல நேரங்களில் சுப்ரீம் கோர்ட் அப்படி எதுவும் சொல்லியிருக்காது. உயர் நீதிமன்றத்தில் தோற்ற நிறுவனம் டெல்லிக்குப் போயிருக்கும். மனுவை ஒரே வரியில் தள்ளுபடி செய்திருப்பார்கள். அவ்வளவுதான்.

வேலை தொடர்பான வழக்குகள் பெரும்பாலும் அரசியலமைப்பின் 136-வது பிரிவின் கீழ், 'சிறப்பு அனுமதி மனு'வாகத்தான் அங்கே போகின்றன. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. முதலில் கேட்பது, மேல்முறையீடு செய்ய அனுமதி. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்புரிமை. காரணம் சொல்லாமல் மறுத்தால், உயர் நீதிமன்றம் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. கேரளத்து வனநில வழக்கு ஒன்றில், 2000-ல் சுப்ரீம் கோர்ட்டே இதை விளக்கிவிட்டது.

கொச்சி துறைமுகத் தொழிலாளர்கள் இதை அனுபவத்தில் பார்த்தவர்கள். தொழில் தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து நிர்வாகம் சுப்ரீம் கோர்ட் போனது, மனு தள்ளுபடி. அதே நிர்வாகம் அடுத்து கேரள உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டது. 'அதான் முடிஞ்சுபோச்சே' என்றது தொழிலாளர் தரப்பு. முடியவில்லை, ரிட் போட்டதில் தடையில்லை என்று 1978-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

சரி, உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர் கையில் என்ன இருக்கிறது? அந்த உயர் நீதிமன்ற உத்தரவு. அது அப்படியே நிற்கிறது, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் மறுஆய்வு மனு போடலாம்தான். ஆனால், மனு போட்டிருப்பது மட்டுமே தடை உத்தரவு ஆகிவிடாது. அதே நேரம், பக்கத்து கம்பெனி ஊழியர் இதை 'சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு' என்று தன் கேஸில் காட்ட முடியாது. உயர் நீதிமன்றத் தீர்ப்பாக வேண்டுமானால் காட்டலாம்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. 'மீண்டும் வேலை கொடு' என்ற உத்தரவை நிறுவனம் மதிக்கவில்லை என்றால், அவமதிப்பு வழக்கு போட வேண்டியது டெல்லியில் இல்லை. உத்தரவு போட்ட அதே உயர் நீதிமன்றத்தில். அதுவும், உத்தரவை மீறிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள். 'சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஜெயிச்சாச்சு, கூப்பிடாமலா போயிடுவாங்க' என்று காத்திருந்தால் அந்த வருடம் ஓடிவிடும். தள்ளுபடி ஆன கையோடு, உயர் நீதிமன்ற உத்தரவின் நகலை இணைத்து, 'பணியில் சேரத் தயார்' என்று நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். ரசீது பத்திரம்.