மதுவிலக்கு பெற்றெடுத்த வரி

1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்த ராஜாஜி, கள்ளுக்கடை வருமானம் அற்றுப்போனதால் கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்யும் பொருட்டு, வியாபாரிகளின் ஆட்சேபத்தையும் மீறி, 1939-இல் விற்பனை வரி என்னும் நூதன ஏற்பாட்டைக் கொணர்ந்தார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது; வரியோ (வந்த வரி என்றாவது தானே போனதுண்டா?) போகவில்லை. 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் வாயிலாகச் சில்லறைக் கடை விரித்து வியாபாரம் செய்துவர, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து ஏனைய பண்டங்களின் மீதான விற்பனை வரியைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டபின், மதுவை ஒழிக்கப் பிறந்த அவ்வரி, மதிப்புக் கூட்டு வரி என்ற புது நாமத்தோடு, பெட்ரோலையும் டீசலையும் தவிர்த்தால், பிரதானமாக மதுவின் மீதே ஜீவித்திருக்கிறது. ஆகவே, தேர்தல் மேடைகளில் பூரண மதுவிலக்கு என்று பிரகடனம் செய்யும் கனவான்கள், ராஜாஜியைப் போல் மாற்று வருமானத்துக்கு மார்க்கம் இன்னதென்று கூறாதவரை, அவர்தம் பேச்சை நான் பொருட்படுத்துவதற்கில்லை.